குடமுழுக்கும் உளமுழுக்கும்

(சிங்கவரம் திருக்குடமுழுக்கு விழாவையொட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



செஞ்சியின் வடபால், பாறையே கோயிலாகவும் பாறையே பெருமானாகவும் விளங்கும் சிங்கவரத் திருமலையின் நிழலில் நாம் கூடியிருக்கிறோம். கடங்களில் நிறைந்த புனித நீர் கலசங்களின்மீது சொரிய, மறையொலியும் மங்கல இசையும் விண்ணளாவ, எண்ணிறந்த கைகள் ஒருங்கே குவிந்த காட்சியைக் கண்ட கண்கள் இன்னும் குளிர்ந்திருக்கின்றன. அக்குளிர்ச்சி கண்ணோடு நின்றுவிடுமா, கருத்திலும் சென்று தங்குமா என்பதே இன்று நாம் எண்ண வேண்டிய செய்தி.

விழாக் குழுவினர் எனக்குப் பணித்த பொருள், "தியானத்திற்குரிய திருமேனிகள்" என்பது. அதனை எண்ணுந்தோறும், உள்ளத்தைக் கழுவித் தூய்மை செய்வதற்கென்றே அமைந்த ஒரு பௌத்தத் திருவுருவம் என் நினைவில் முன்வந்து நின்றது. வைணவத் திருக்கோயிலின் விழா மேடையில் பௌத்தத் திருவுருவத்திற்கு இடம் யாது என்று சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை இம்மண்ணிலேயே இருக்கிறது. அதனை முதற்கண் கூறி, அப்பால் மேற்செல்வேன்.

மண்ணின் சான்று

இம்மலையில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதப் பெருமானை நோக்குங்கள். இருபத்துநான்கு அடி நீளம் என்று சொல்லப்படும் அத்திருமேனி, வேறிடத்தில் வடித்துக் கொணர்ந்து நிறுத்தப்பட்டதன்று. மலையின் வயிற்றிலேயே குடைந்து கண்டெடுக்கப்பட்டது. பல்லவர் காலத்துக் குடைவரை இது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்லில் பொறித்துவைத்த முதலாம் மகேந்திரவர்மன் தொடங்கிய மரபின் வழி வந்தது. கண்மூடிக் கிடப்பதுபோல் தோன்றும் பெருமானின் நிலையை நம் முன்னோர் உறக்கம் என்று கூறவில்லை. யோக நித்திரை என்றனர். உலகனைத்தையும் உள்ளே வாங்கி அறிவோடு துயிலும் நிலை அது.

சிங்கவரத்திற்கு வரும் வழியில் திருநாதர் குன்று இருக்கிறது. அதன் பெரும்பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரு வரிசையாக, வரிசைக்குப் பன்னிருவராக, அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளனர். அசைவற்ற இருபத்துநான்கு வடிவங்கள். அனைத்திலும் ஒரே அமைதி. அக்குன்றிலேயே சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் கல்லெழுத்தால் குறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினதாகிய அவ்வெழுத்து, வட்டெழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று என்று கல்வெட்டறிஞர் போற்றுவர். செஞ்சி வட்டத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் திருமடம் இன்றும் விளங்கி வருகிறது.

ஆகவே அன்பர்களே, ஒரே பாறைத் தொடரில் ஒரு புறம் யோகத் துயில் கொண்ட பெருமான். மறுபுறம் தவத்தில் அமர்ந்த அருகர்கள். மூன்று மலைகளின்மேல் மதில் வளைத்த செஞ்சிக் கோட்டை, 2025-ஆம் ஆண்டில் மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம் பெற்றதை நாம் அறிவோம். வீரத்தின் சின்னத்தை உலகம் அறிந்துகொண்டது. அம்மதில்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இப்பாறைகள் மனிதனுக்கு அமைதியைக் கற்பித்துக்கொண்டிருந்தன. அமைதி கற்பிக்கும் திருமேனி எச்சமயத்ததாயினும் அதனை அறிந்து போற்றும் உரிமை செஞ்சி நாட்டாருக்கு உண்டு.

பீடிகையும் திருவுருவமும்

பௌத்தர் தொடக்கத்தில் புத்தர் பெருமானுக்கு உருவம் அமைத்து வழிபடவில்லை. வெற்றுப் பீடம், திருவடிச் சுவடு, போதி மரம், அறவாழி ஆகிய குறிகளே அவர்தம் வணக்கத்திற்குரியனவாயின. நம் மணிமேகலைக் காப்பியத்திலும், மணிபல்லவத் தீவில் மணிமேகலை காண்பது திருவடி பொறித்த பீடிகையையே அன்றோ? அப்பீடிகையைக் கண்டு தொழுத அளவில் அவள் தன் பழம்பிறப்பை உணர்ந்தாள் என்று சாத்தனார் காட்டுகிறார். இங்கே ஒன்று கருதத்தக்கது. அவள் பீடிகையைக் கண்டாள். ஆனால் அதன்வழி அறிந்தது தன்னையே. தியானத்திற்குரிய பொருளின் இலக்கணம் இதனுள் அடங்கிவிட்டது. காண்பவனுக்குத் தன்னைக் காட்டுவதே அதன் தொழில்.

பின்னர்த் திருவுருவங்கள் எழுந்தன. காஞ்சி மாநகரம் பௌத்தக் கல்வியின் நிலைக்களங்களுள் ஒன்றாயிற்று. நாலந்தாவில் தலைமை பூண்ட தருமபாலர் காஞ்சியில் தோன்றியவர். கி.பி. 640-ஐ ஒட்டித் தென்னாடு பற்றி எழுதிய சீன யாத்திரிகர் சுவான் சாங், இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாகக் குறித்துள்ளார். மகேந்திரவர்மன் தன் மத்தவிலாச நாடகத்தில் ஒரு பௌத்தத் துறவியை நகைச்சுவைக்கு உரியவனாக்கினான் எனில், அத்துறவியர் காஞ்சித் தெருக்களில் அன்றாடம் காணப்பட்டவர் என்பது பெறப்படும்.

காஞ்சியினின்று கடல் கடந்த செல்வம்

அக்காஞ்சியோடு தொடர்புடைய ஒரு துறவியின் வரலாற்றை இப்போது சொல்லப் புகுகிறேன். வச்சிரபோதி என்பது அவர் பெயர். கி.பி. 671 முதல் 741 வரை வாழ்ந்தவர். சீன மொழியில் எழுதப்பட்ட வரலாறுகளுள் ஒன்று, அவர் தென்னாட்டு மலய நாட்டினர் என்றும், அவலோகிதர் உறையும் பொதலக மலையை அடுத்தது அந்நாடு என்றும் கூறுகிறது. பொதலகம் நம் பொதியிலே என்று கருதும் அறிஞர் பலர். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் உடைய புத்தமித்திரர் சொல்லியதும் இந்நினைவின் தொடர்ச்சியே போலும்.

நாலந்தாவில் கற்றுத் தேறிய வச்சிரபோதி, பின்னர்க் காஞ்சியை அடைந்தார். அப்போது அங்கே அரசு புரிந்தவன் நரசிங்க போத்தவர்மன். கயிலாசநாதர் கற்றளியை எடுத்த இராசசிங்கப் பல்லவன் அவனே. மழையின்றி நாடு வாடியபோது அரசன் துறவியை வேண்ட, அவர் செய்த வேண்டுதலால் மழை பொழிந்தது என்று சீன வரலாறு கூறும். பின்னர் அவர் ஈழம் சென்று சிவனொளிபாத மலை ஏறி, சிரீவிசயம் வழியாகக் கடற்செலவு மேற்கொண்டு, 719-இல் சீனத்துக் குவாங்சௌ துறைமுகத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டில் இராசசிங்கன் சீனப் பேரரசனுக்காக ஒரு பௌத்தக் கோயில் எடுப்பித்து, அதற்குப் பெயர் சூட்டுமாறு வேண்டினான் என்ற செய்தி தாங் மரபினரின் வரலாற்றில் உள்ளது. சிவபத்தியில் சிறந்த மன்னன் ஒருவன் பௌத்தத் துறவிக்குத் துணை நின்ற வரலாறு இது.

வச்சிரபோதி சீனத்திற்கு எடுத்துச் சென்ற செல்வத்துள் ஒன்று, வச்சிரசத்துவர் என்னும் திருவுருவத்தைப் பற்றிய தியான நெறி. 723-இல் அவர் சீன மொழியில் ஆக்கிய யோக நூலொன்றில், அத்திருவுருவத்திற்குரிய நூற்றெழுத்து மந்திரம் இடம் பெற்றுள்ளது. அவர் மாணாக்கர் அமோகவச்சிரர். அவர் மாணாக்கர் ஹுய்குவோ. அவரிடம் 805-இல் திருமுழுக்குப் பெற்றவர் சப்பானியத் துறவி கூகாய். அவர் நிறுவிய சிங்கோன் மரபினர் தம் குருபரம்பரையை எண்ணும்போது, மகாவைரோசனருக்கு அடுத்து வச்சிரசத்துவரையும், ஐந்தாமவராக வச்சிரபோதியையும், எட்டாமவராகக் கூகாயையும் இன்றும் எண்ணுகின்றனர். பொதியிலும் காஞ்சியும் சப்பானிய மலைக்கோயில்களின் குருபரம்பரையில் நினைக்கப்படுகின்றன என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் விம்முகிறது.

திருமுழுக்கு என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அபிடேகம் என்னும் அதே சொல்லைத்தான் அம்மரபினரும் ஆள்கின்றனர். குரு மாணாக்கனின் உச்சியில் நீர் தெளித்து ஞான உரிமை வழங்கும் சடங்கு அது. நாம் கலசத்திற்கு முழுக்காட்டுகிறோம். அவர்கள் மாணாக்கனுக்கு முழுக்காட்டுகின்றனர். திருவுருவத்திற்குக் கண் திறக்கும் சடங்கும் அவர்களிடம் உண்டு. 752-இல் நாரா நகரத்துப் பெரும் புத்தர் திருவுருவத்திற்குக் கண் திறந்துவைத்தவர், பாரத நாட்டினின்று சென்ற போதிசேனர் என்னும் துறவி. திபெத்தியர் திருவுருவத்தின் உள்ளீட்டில் மந்திரச் சுருள்களை இட்டு நிரப்பி மூடுவர். நாம் பீடத்தின் அடியில் எந்திரத் தகடு வைத்து மருந்து சாத்துகிறோம். வேற்றுமை பலவாயினும் உட்கருத்தில் உறவு உண்டு.

திருமேனியின் இயல்பு

வச்சிரசத்துவர் திருமேனி எத்தகையது? வெண்ணிறம், முழுமதி போலவும் பளிங்கு போலவும் ஒளிவிடும் வெண்மை. தாமரைமேல் வைத்த மதிவட்டத்தில் அமர்ந்த கோலம். துறவாடை புனைந்த புத்தரைப் போலன்றி, முடியும் மாலையும் தோள்வளையும் அணிந்த அரச வடிவம். வலக்கை, நெஞ்சுக்கு நேராக வச்சிரத்தைப் பற்றியிருக்கும். இடக்கை, இடுப்பருகே மணியை ஏந்தியிருக்கும். ஒடிசா மாநிலத்து இரத்தினகிரியில் கல்லிலும், திபெத்திலும் நேபாளத்திலும் செம்பிலும் பொன்முலாமிலும் இவ்வடிவம் காணப்படுகிறது. திபெத்தியர் தோர்ஜே செம்பா என்பர். சப்பானியர் கொங்கோசத்தா என்பர்.

வச்சிரம் என்பது வைரத்தையும் இடியேற்றையும் குறிக்கும் சொல். சிதையாதது, எதனையும் ஊடுருவ வல்லது. அது கருணைச் செயலுக்கு அடையாளம். மணி, வெறுமையை உணரும் அறிவுக்கு அடையாளம். மணியின் நாதம் அதன் வெற்றிடத்திலிருந்து பிறப்பதை எண்ணினால் பொருத்தம் விளங்கும். அறிவில்லாத கருணை வழி தவறும். கருணையில்லாத அறிவு வறண்டுபோகும். இரண்டையும் இரு கைகளில் ஏந்தி, உயிரின் இயல்பான தூய்மை சிதைவற்றது என்று காட்டுவதே இவ்வடிவம். அழுக்கு ஏறியது; ஏறியதாகலின் இறங்கவும் கூடும் என்பது இதன் உள்ளுறை.

தியான முறை

சப்பானியத்திற்குக் காஞ்சித் தொடர்பால் சென்ற இந்நெறி, திபெத்திற்கு வடநாட்டுப் பள்ளிகளின் வழியாகச் சென்றது. அங்கே அது எல்லோரும் பயிலும் தொடக்கப் பயிற்சியாயிற்று. நூற்றெழுத்து மந்திரத்தை ஓர் இலக்கம் முறை ஓதிய பின்னரே மேற்பயிற்சிகளுக்குச் செல்வது அவர்களிடம் பரவலான வழக்கு. நாள்தோறும் இரவில் இருபத்தொரு முறை ஓதுவாரும் உளர். 1960-களில் கருநாடகத்துப் பைலகுப்பையில் குடியேறித் திருமடங்கள் அமைத்த திபெத்தியரிடம் இப்பயிற்சி இன்றும் நடைபெறுகிறது. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தென்னாட்டோடு தொடர்புற்றிருந்த திருவுருவம், பனிமலையைச் சுற்றி மீண்டும் தென்னாடு புகுந்திருக்கிறது.

பயில்பவர் திருவுருவத்தின் முன் அமர்ந்து, அதனைக் கண்ணாரக் கண்டு மனத்தில் பதித்துக்கொள்வார். பின்னர்க் கண்ணை மூடி, தம் உச்சிக்கு மேலே வெண்டாமரையில் அவ்வடிவம் வீற்றிருப்பதாகக் கருதுவார். அதன் நெஞ்சகத்தில் ஒரு மதிவட்டம். அதன்மேல் 'ஹூம்' என்னும் வித்தெழுத்து. அதனைச் சூழ நூற்றெழுத்துகள். மந்திரத்தை ஓத ஓத, அவ்வெழுத்துகள் உருகிப் பால்போன்ற அமுதமாய்ச் சொரிந்து, தம் உச்சி வழியே உட்புகுந்து, உடலெங்கும் பாய்வதாகக் கருதுவார். அமுதம் இறங்குந்தோறும், உள்ளிருந்த தீமைகள் புகைபோலவும் கரிய நீர்போலவும் உடலின் கீழ்ப்புறமாக வெளியேறுகின்றன. இறுதியில் உடல், அமுதம் நிறைந்த பளிங்குக் குடமாகிறது. அப்போது மேலிருந்த திருவுருவம் ஒளியாய் உருகித் தம்முள் கலந்துவிடுகிறது. எதிரே வைத்து வணங்கிய வடிவமும் வணங்கிய தாமும் வேறாக நில்லாத அமைதியில் சிறிது நேரம் இருந்து எழுவார்.

அன்பர்களே, இங்கே ஒரு நுட்பம். குடமுழுக்கில் நாம் திருமேனியை நீராட்டுகிறோம். இத்தியானத்தில் திருமேனி நம்மை நீராட்டுகிறது. ஆலயத்தில் நிறைகுடம் மேலே ஏறிக் கலசத்தின்மேல் சொரிகிறது. தியானத்தில் நாமே குடமாகிக் கீழிருந்து நிறைகிறோம். இரண்டும் ஒரு செயலின் இரு பாதி. முதற்பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை மறந்தவன், பந்தியில் இலை விரித்து எழுந்து போனவனை ஒப்பான்.

நான்கு வலிமைகள்

"கண்ணை மூடி அமுதம் பாய்வதாக நினைத்தால் செய்த பாவம் தீருமா? அங்ஙனமாயின், தீமை செய்வதும் தியானம் செய்வதும் மாறி மாறி நடக்குமே" என்று ஒருவர் கேட்கலாம். இது நேர்மையான கேள்வி. நம் நீராடல்களையும் பரிகாரங்களையும் நோக்கியும் எழுப்பத்தக்க கேள்வி. பௌத்த ஆசிரியர் இதனை முன்னரே எண்ணி, நான்கு வலிமைகள் கூடினாலன்றித் தூய்மை கைகூடாது என்று வகுத்துள்ளனர்.

முதலாவது சார்பு. தான் யாருக்குத் தீங்கிழைத்தானோ அவ்வுயிர்களிடத்துக் கருணையும், தனக்கு மேலான மெய்ப்பொருளிடத்து அடைக்கலமும் கொள்ளுதல். இரண்டாவது கழிவிரக்கம். அறியாமல் நஞ்சுண்டவன் அதனை உணர்ந்த கணத்தில் எவ்வாறு பதறுவானோ அவ்வாறு தான் செய்ததை எண்ணிப் பதறுதல். மூன்றாவது மருந்து. மந்திரம் ஓதுதல், தியானம், நற்செயல் ஆகியன. நான்காவது உறுதி. அத்தீமையை இனிச் செய்யேன் என்று துணிதல். வாழ்நாள் முழுமைக்கும் துணிய இயலாதாயின், காக்கக்கூடிய அளவுக்கேனும் காலம் வரையறுத்துத் துணிதல்.

நம் ஊர்ப்புறத்துச் செய்தி ஒன்றைக்கொண்டு இதனை விளக்குவேன். ஒருவன் அண்டை நிலத்தான் அயர்ந்திருந்த வேளையில் வரப்பை ஒரு சாண் நகர்த்திவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அந்த ஒரு சாணில் விளைந்த நெல்லும் அவன் குதிரில் சேர்கிறது. அவன் ஆற்றில் மூழ்கினாலும், ஆயிரம் முறை மந்திரம் ஓதினாலும், கோபுரத் திருப்பணிக்குப் பொன்னே கொடுத்தாலும், வரப்பு இருந்த இடத்திலேயே இருக்குமாயின், அவன் எதைக் கழுவினான்? மூன்றாவது வலிமையை மட்டும் பற்றிக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டவன் அவன். மண்வெட்டியை எடுத்து வரப்பைப் பழைய இடத்தில் போட்டு, அண்டை வீட்டானிடம் சென்று, "அண்ணே, இது உங்கள் மண்" என்று சொல்லும் நாளே அவனுடைய உண்மையான குடமுழுக்கு நாள். வள்ளுவப் பெருந்தகை அகத்தின் தூய்மைக்கு வாய்மையையே வாயிலாக வைத்ததும் இக்கருத்துப் பற்றியே.

இம்மலைப் பெருமானைப் பற்றி வழிவழியாக வழங்கும் ஒரு கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தேசிங்குராசன் போருக்குப் புறப்படுமுன் அரங்கனிடம் விடை கேட்டான். பெருமான் உடன்பாடின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதனை மீறிச் சென்ற இளவீரன் 1714-இல் ஆர்க்காட்டு நவாபுக்கு எதிரான போரில் மாண்டான் என்பது அக்கதை. அதனை ஒரு தெருக்கூத்துச் செய்தியாகக் கேட்டுவிட்டு விடுகிறோம். நாம் வேண்டியதெல்லாம் தருகின்ற திருமேனி ஒன்றை நாம் விரும்புகிறோம். 'வேண்டாம்' என்று முகந்திருப்பும் திருமேனியும் நமக்கு வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். திருமுன் நிற்கையில், செய்யப் போகும் செயல் ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சம் உறுத்துமாயின், பெருமான் முகந்திருப்பினான் என்றே கொள்க. அவ்வுறுத்தலை மதிப்பவனுக்குத் திருமேனி பேசும். மதியாதவனுக்கு அது கல்லே.

பூசலார் எடுத்த கோயில்

உள்ளத்தில் கருதும் வடிவத்திற்கு இத்தனை ஆற்றல் உண்டா என்று ஐயுறுவோர்க்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. கோயில் எடுக்கப் பொருள் இல்லாத அவ்வேழை அந்தணர், மனத்திலேயே பொருள் திரட்டி, தச்சரை அமைத்து, நாள் பார்த்து அடிநிலை இட்டு, விமானமும் மதிலும் கிணறும் ஒவ்வொன்றாக எடுத்துக் குடமுழுக்கிற்கும் நாள் குறித்தார். அதே நாளைத்தான் காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனும் குறித்திருந்தான். அவன் கனவில் இறைவன் தோன்றி, அன்பன் எடுத்த ஆலயத்தில் நாளை புகுகின்றோம் ஆதலின், நின் விழாவைப் பின்னர் வைத்துக்கொள்க எனப் பணித்தான். மன்னன் நின்றவூர் சென்று, கோயில் எங்கே என்று தேடி, அது ஒரு மனிதரின் நெஞ்சில் இருப்பதறிந்து அவர் அடியில் வீழ்ந்தான்.

அம்மன்னன் கயிலாசநாதர் கோயில் எடுத்த இராசசிங்கனே என்று அறிஞர் பலர் கருதுவர். அக்கோயிற் கல்வெட்டும் அவன் வானொலி கேட்டவன் என்று குறிக்கிறது. அங்ஙனமாயின், வியப்பு ஒன்று நம்முன் நிற்கிறது. வச்சிரபோதியைப் போற்றிய மன்னனும் பூசலாரைப் பணிந்த மன்னனும் ஒருவனே! ஒருவர் சைவர், ஒருவர் பௌத்தர். ஒருவர் நெஞ்சில் கோயில் எடுத்தார்; ஒருவர் நெஞ்சில் திருவுருவம் அமைக்கும் கலையைக் கடல் கடந்து கொண்டுசென்றார். கல்லில் எடுத்த கோயில்களால் புகழ் பெற்ற அரசன், நெஞ்சில் எடுத்த கோயிலே முந்தியது என்று தலை வணங்கினான். குடமுழுக்கு எடுக்கும் ஊரார் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளத்தக்க வரலாறு இதுவன்றி வேறில்லை.

நம் கடமை

இறுதியாக ஒன்று கூறி அமைவேன். தமிழ்நாட்டில் எத்துணையோ பௌத்தத் திருமேனிகள் தம் பெயரை இழந்தன. முதலாம் இராசராசன் காலத்தில் சிரீவிசய மன்னனால் எழுப்பப்பெற்று, ஆனைமங்கலம் என்னும் ஊரை இறையிலியாகப் பெற்ற நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் இன்று இல்லை. அந்நகரில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. 1856 முதல் 1930-கள் வரை அந்நகரின் மண்ணிலிருந்து வெளிவந்த செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. அவற்றுட் பல உள்ளங்கையில் அடங்கும் சிறு வடிவங்கள். யாரோ ஒருவர் தம் வீட்டு மூலையில் வைத்து, அதன் முன் அமர்ந்து, தம் நெஞ்சைக் கழுவிக்கொண்ட வடிவங்கள் அவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காண்போர், கலையழகை மட்டும் கண்டு திரும்பலாகாது. அவற்றின் முன் அமர்ந்திருந்த மனிதரையும் நினைக்க வேண்டும்.

சேலம் மாவட்டத்துத் தியாகனூரில் பெரும் புத்தர் திருவுருவத்தை ஊர் மக்கள் புத்தராகவே அறிந்து வழிபட்டு வருகின்றனர். சேலத்துப் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பெற்ற வடிவம், புத்தர் பெருமானுடையதே என்று தொல்லியல் அறிஞரின் அறிக்கையைக் கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. பெயர் தெரியாமலே அதற்கு விளக்கேற்றி வந்த எளிய மக்களை யான் இகழேன். அவர்கள் விளக்கேற்றியிராவிடின் அது எப்போதோ சாலைக் கல்லாகியிருக்கும். ஆயினும் திருவுருவத்திற்கு அதன் பெயரைத் திருப்பித் தருதல் முறை. அதுவும் வரப்பைப் பழைய இடத்தில் போடுவது போன்றதே.

ஆகவே சிங்கவரத்துப் பெருமக்களே! கலசத்திற்கு முழுக்காட்டிய நாம், திருநாதர் குன்றின் இருபத்துநான்கு வடிவங்களையும் நம்முடையன என்று எண்ணிக் காக்கக் கடமைப்பட்டுள்ளோம். பாறையில் பெயர் எழுதும் சிறுவனைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுங்கள். பின்னர் அவனை அங்கேயே அருகில் உட்கார்த்தி, "தம்பி, இவர்கள் என்ன செய்கிறார்கள் பார்" என்று காட்டுங்கள். அவன் கேள்வி கேட்பான். அக்கேள்வியே தியானத்தின் தொடக்கம்.

நாள்தோறும் மலையேற இயலாதவர், வீட்டிலேயே ஒரு நாழிகை அமருங்கள். அரங்கன் அடியாராயின் அரங்கனையே உச்சியில் இருத்துங்கள். அவன் திருவடியினின்று பெருகும் கங்கை நும் உள்ளத்தில் பாய்வதாகக் கருதுங்கள். அன்று செய்தவற்றுள் உறுத்துவது எது என்று தேடுங்கள். அதனை ஒளிக்காமல் எடுத்து வையுங்கள். திருத்தக்கூடியதை மறுநாள் பொழுது சாய்வதற்குள் திருத்துங்கள். கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு. உள்ளத்திற்கோ நாள்தோறும் அழுக்கு ஏறுகிறது. ஆதலின் நாள்தோறும் முழுக்கு வேண்டும்.

பாறையில் பள்ளிகொண்ட பெருமான் நம் நெஞ்சிலும் பள்ளிகொள்வானாக! மலை வாழ்க! மழை பொழிக! மாநிலத்து உயிர்கள் யாவும் தூய்மையுற்று இன்பம் எய்துக!